நிலைத்து நிற்கும் சமூகம் எது, அதைக் கட்ட என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேர்ந்து வீடு கட்டி வாழ நினைப்பவர்கள், குடியிருப்போர் சங்கத்தில் புதிதாகப் பொறுப்பேற்றவர்கள், பொதுவேலைகளில் இறங்கும் இளைஞர்கள் என்று யாரிடம் பேசினாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு என்னால் முடிந்தவரை தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாப் பதில்களும் ஒரே நீளத்தில் இருக்காது. எங்கே அதிகம் தடுமாறுகிறார்களோ அங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

நிலைத்த சமூகம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

1987-ல் நார்வேயைச் சேர்ந்த க்ரோ ஹார்லெம் ப்ரண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம் நீடித்த வளர்ச்சிக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. வருங்காலத் தலைமுறைகளின் தேவைகளுக்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்வது என்பது அதன் சாரம். இது உலகத்துக்கே பொதுவான விளக்கம். ஒரு குடியிருப்புக்கோ சிற்றூருக்கோ நகரப் பகுதிக்கோ இதைப் பொருத்திப் பார்க்கும் முயற்சிகள் அதற்கு அப்புறம் வந்தன. 2005 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய அமைச்சர்கள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கூடி, அத்தகைய சமூகத்துக்கு எட்டு இயல்புகள் வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். மக்கள் பங்கேற்பும் பாதுகாப்பும், நல்ல நிர்வாகம், போக்குவரத்துத் தொடர்பு, அடிப்படைச் சேவைகள், சுற்றுச்சூழல் அக்கறை, உயிர்ப்புள்ள பொருளாதாரம், நல்ல வடிவமைப்பும் கட்டுமானமும், எல்லோருக்கும் நியாயம் என்பவை அவை.

இந்தப் பட்டியலில் சுற்றுச்சூழல் எட்டில் ஒன்றாகத்தான் வருகிறது. பலருக்கு இது வியப்பாக இருக்கும். எனக்கு இது சரியாகவே படுகிறது. என்னிடம் ஒரு எளிய சோதனையும் உண்டு. ஆரம்பித்தவர்கள் எல்லோரும் ஒதுங்கிய பிறகும், புதிதாக வந்தவர்கள் அவர்கள் வகுத்த விதிகளைத் தங்கள் விதிகளாக நினைத்து நடத்துகிறார்களா என்று பார்ப்பேன். நடத்துகிறார்கள் என்றால் அந்தச் சமூகம் நிலைத்துவிட்டது என்று சொல்லலாம்.

சூரிய மின்தகடு, மழைநீர் சேமிப்பு, கழிவு மறுசுழற்சி எல்லாம் இருந்தால் போதாதா?

போதாது. அவை அவசியம்தான், ஆனால் அவற்றை ஓட்டுவதற்கு ஆளும் பணமும் ஒழுங்கும் வேண்டும்.

லண்டனின் தெற்குப் பகுதியில் 2002-ல் பெட்ஸெட் என்ற குடியிருப்பு கட்டி முடிக்கப்பட்டது. சுமார் 100 வீடுகள். உள்ளே இருக்கும் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் தடிமனான காப்புச் சுவர்கள், தெற்கு நோக்கிய கண்ணாடி முகப்பு, கூரைமேல் காற்றோட்டக் குழல்கள் என்று அன்றைக்கு மிகவும் முன்னோடியான திட்டம். மரச்சில்லுகளை எரித்து மின்சாரமும் வெந்நீரும் தரும் ஒரு சிறு ஆலையையும் அங்கேயே வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த ஆலையை நிறுத்த வேண்டி வந்தது. புதுத் தொழில்நுட்பம் என்பதால் அடிக்கடி பழுதானது. அவ்வளவு சிறிய அளவில் அதைப் பராமரிப்பது கட்டுப்படியாகவில்லை. அதற்குப் பதிலாக எரிவாயுக் கொதிகலன்களை வைத்தார்கள். ஆனால் காப்புச் சுவர்கள் இன்றும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு உதிரிபாகம் தேவையில்லையே.

அதனால் எந்தக் கருவியை வாங்கும் முன்பும் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்வேன். பழுதானால் யார் சரிசெய்வார்? அதற்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும்? சரிசெய்யும் வரை என்ன செய்வோம்? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் அந்தக் கருவி கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

பொதுச் சொத்து என்றாலே பாழாகத்தானே போகிறது?

இது பழைய நம்பிக்கை. 1968-ல் உயிரியலாளர் கேரட் ஹார்டின் இதற்கு அறிவியல் உருவம் கொடுத்தார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தன் லாபத்துக்காக ஒரு மாடு கூடுதலாக விடுவார், கடைசியில் நிலம் அழியும் என்பது அவர் வாதம். தனியார் கையிலோ அரசின் கையிலோ கொடுத்தால்தான் தப்பிக்கும் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள்.

அமெரிக்க அரசியல் அறிஞர் எலினோர் ஓஸ்ட்ரம் அந்த முடிவை அப்படியே ஏற்காமல், உண்மையில் மனிதர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போனார். அந்தப் பணிக்காக 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அவர் எடுத்துக்காட்டிய ஊர்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமமான டோர்பெல். குளிர்காலம் முழுக்கத் தீவனம் போட்டு எத்தனை மாடுகளை வளர்க்க முடியுமோ, அத்தனையைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்று 1517-லேயே அங்கே எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த விதியின் அழகைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். யார் வீட்டில் எத்தனை மாடு குளிர்காலத்தைக் கடந்தது என்பது ஊருக்கே தெரியும். எண்ணுவதற்குத் தனி அதிகாரி வேண்டாம், ஏமாற்றுவதும் கடினம்.

நெடுங்காலம் நிலைத்த இத்தகைய அமைப்புகளில் பொதுவாகத் தெரியும் எட்டு அம்சங்களை ஓஸ்ட்ரம் 1990-ல் தொகுத்தார். சுருக்கமாகச் சொன்னால்: யார் உறுப்பினர், எது பொதுச் சொத்து என்பதற்குத் தெளிவான எல்லை இருக்கும். விதிகள் அந்த இடத்தின் இயல்புக்குப் பொருந்தும். விதிக்குக் கட்டுப்படுபவர்களுக்கே அதை மாற்றும் உரிமையும் இருக்கும். கண்காணிப்பவர்கள் அந்த மக்களுக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். முதல் தவறுக்குச் சிறிய தண்டனை, திரும்பத் திரும்பச் செய்தால் பெரியது. தகராறை விரைவாகவும் செலவில்லாமலும் தீர்க்க ஓர் இடம் இருக்கும். மேலே இருக்கும் அரசு அவர்களுடைய உரிமையில் தலையிடாது. பெரிய அமைப்பு என்றால், சிறு குழுக்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கடுக்காக இருக்கும்.

நான் பார்த்தவரை, புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் அம்சத்திலேயே சறுக்குகிறார்கள். "எல்லோரும் வரலாம், எல்லோருக்கும் எல்லாம்" என்று பெருந்தன்மையாக ஆரம்பிக்கிறார்கள். யாருக்கு என்ன கடமை என்று எழுதிவைக்கக் கூச்சப்படுகிறார்கள். ஆறு மாதத்தில் நாலு பேர் எல்லா வேலையையும் சுமக்கிறார்கள், மற்றவர்களுக்கு அது தெரிவதுகூட இல்லை.

சண்டை வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

சண்டை வரும். வராமல் பார்த்துக்கொள்ள முயன்றால் அது உள்ளேயே புழுங்கிக்கொண்டு கிடக்கும். பேசாமல் ஒதுங்குவது, கூட்டத்துக்கு வராமல் இருப்பது, பின்னால் பேசுவது, கடைசியில் ஒருநாள் மொத்தமாக விலகிப்போவது என்று அது வெவ்வேறு உருவில் வெளிவரும். ஆகவே, வரும் சண்டையைச் சின்னதாக இருக்கும்போதே எடுத்துப் பேச ஒரு வழி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்பெயினின் வலென்சியாவில் பாசனத் தகராறுகளைத் தீர்க்கும் தண்ணீர் மன்றம் பல நூற்றாண்டுகளாக இயங்குகிறது. வியாழக்கிழமைதோறும் பகல் வேளையில் பேராலயத்தின் வாசலில் கூடுகிறது. எட்டு வாய்க்கால்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தான் நீதிபதிகள். அவர்களும் விவசாயிகளே. வழக்கறிஞர் இல்லை, எல்லாம் வாய்மொழி, தீர்ப்பு அங்கேயே. 2009-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. இங்கே எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வழக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மன்றம் கூடுகிறது. அதனால் புகார் சொல்வது அங்கே பெரிய காரியமாகத் தெரிவதில்லை. கூடுகிற நாளும் இடமும் எல்லோருக்கும் தெரியும், போய்ச் சொன்னால் போதும்.

உங்கள் குழுவிலும் இதையே செய்யலாம். முதலில் இருவரும் நேரில் பேச வேண்டும். முடியாவிட்டால் இருவருமே நம்பும் மூன்றாவது ஆள் கூட உட்கார வேண்டும். அதிலும் தீரவில்லை என்றால் மூன்று பேர் கொண்ட ஒரு சிறு குழு கேட்டு, இத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதைச் சண்டை வருவதற்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். சண்டை வந்த பிறகு நடைமுறையை உருவாக்கப் பார்த்தால், அந்த நடைமுறையே யாருக்குச் சாதகம் என்று இன்னொரு சண்டை கிளம்பும்.

நடுவில் உட்காருபவருக்கு ஒரு பயிற்சி அவசியம். கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது: "நீங்கள் சொல்வது இதுதானா?" என்று. "ஆமாம், அதுதான்" என்று அவர் வாயால் சொல்லும் வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது. பார்க்கச் சுலபமாகத் தெரியும். செய்து பார்த்தால்தான், நாம் எவ்வளவு குறைவாகக் கேட்கிறோம் என்பது புரியும்.

முடிவுகளை எப்படி எடுப்பது? வாக்கெடுப்பா, எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசுவதா?

வாக்கெடுப்பு வேகமானது. ஆனால் 51 பேர் வென்று 49 பேர் தோற்ற முடிவை நடைமுறைப்படுத்த அந்த 49 பேரின் கையும் வேண்டும். முழு ஒருமித்த கருத்து என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பிடிவாதக்காரர் ஒருவரிடம் எல்லோரையும் பணயம் வைத்துவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஜெரார்ட் எண்டன்பர்க் தன் மின்சாதன நிறுவனத்தில் நடைமுறைப்படுத்தி வளர்த்தெடுத்த முறை அது. "உங்களுக்கு இது பிடித்திருக்கிறதா?" என்று கேட்பதில்லை. "இதனால் நம் நோக்கத்துக்குக் கெடுதல் வரும் என்று காரணத்தோடு சொல்ல முடியுமா?" என்று கேட்கிறார்கள். காரணம் இருந்தால் திட்டத்தைத் திருத்துகிறார்கள். இல்லாவிட்டால் குறிப்பிட்ட காலத்துக்குச் செய்து பார்த்துவிட்டு மறுபடி பரிசீலிக்கிறார்கள். "ஆறு மாதம் செய்து பார்ப்போம்" என்ற ஒரு வரி சேர்ந்தவுடன் எத்தனையோ எதிர்ப்புகள் தளர்ந்துவிடுகின்றன.

ஆனால் உறுப்பினரை நீக்குவது, நிலத்தை விற்பது, பெரிய கடன் வாங்குவது போன்றவற்றுக்குத் தனியாக, கடினமான விதி இருக்க வேண்டும். சின்ன விஷயங்களைச் சின்னக் குழுக்களிடமே விட்டுவிடலாம். வாசலுக்கு என்ன நிறம் என்று முழுக் கூட்டம் கூட்டிப் பேசினால் ஜனங்கள் கூட்டத்துக்கு வருவதையே விட்டுவிடுவார்கள்.

என்னென்ன திறன்கள் வேண்டும்?

2004-ல் பிரிட்டனில் சர் ஜான் ஈகன் தலைமையில் நடந்த அரசு ஆய்வு இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. ஈகன் ஜாகுவார் கார் நிறுவனத்தை நடத்தியவர், அதற்கு முன்பே கட்டுமானத் துறையைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்றைச் செய்தவர். திட்டமிடுபவர், கட்டடக் கலைஞர், பொறியாளர் ஆகியோரின் தொழில்திறனைவிட, எல்லாத் தொழிலுக்கும் பொதுவான திறன்களில்தான் பற்றாக்குறை அதிகம் என்று அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது. எல்லோரையும் சேர்த்துக்கொண்டு எதிர்காலத்தைக் கற்பனை செய்வது, தலைமை, தகவல் பரிமாற்றம், பணக் கணக்கு, முரண்பாடுகளைத் தீர்ப்பது, தவறுகளிலிருந்து கற்பது போன்றவை அவை. தொழில்வல்லுநர்களோடு நிறுத்தாமல், அங்கே வாழும் மக்களையும் திறன் தேவைப்படுபவர்களாக அது கணக்கில் எடுத்துக்கொண்டது.

இதில் நான் முழுமையாக உடன்படுகிறேன். பொறியாளரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம். கூட்டத்தை நடத்தத் தெரிந்த ஆள் உள்ளேயே இருந்தாக வேண்டும்.

கூட்டம் நடத்துவது என்ற திறனை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் திறனாகவே மதிப்பதில்லை. பேச வேண்டியவற்றை இரண்டு மூன்று நாள் முன்பே எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இது தகவலா, கலந்துரையாடலா, முடிவெடுக்க வேண்டியதா என்று குறிக்க வேண்டும். பாதிக் கூட்டம் வீணாவது இந்தக் குறிப்பு இல்லாததால்தான். முக்கியமான விஷயத்தில் ஒருவர் விடாமல் சுற்றி வந்து கேட்க வேண்டும். அப்போதுதான் வழக்கமாகப் பேசாதவர் வாய் திறப்பார், பல சமயம் அவரிடம்தான் விஷயம் இருக்கும். நடத்துபவருக்கே அந்த விஷயத்தில் சொந்த விருப்பம் இருந்தால், அந்தப் பொறுப்பை அப்போதைக்கு வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பேச வேண்டும். முடிவில் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வார் என்று எழுதி, அங்கேயே வாசித்துக்காட்டிக் கலைய வேண்டும்.

அப்புறம் கணக்கு. வரவு செலவை, கணக்குத் தெரியாதவருக்கும் புரியும்படி ஒரே தாளில் காட்டத் தெரிந்தவர் ஒரு சமூகத்துக்குப் பெரிய சொத்து. சந்தேகம் என்பது பெரும்பாலும் திருட்டால் வருவதில்லை, புரியாத கணக்கால் வருகிறது.

பழுது பார்ப்பது, அரசு அலுவலகங்களில் விண்ணப்பம் எழுதி விடாமல் பின்தொடர்வது, புதியவரை வரவேற்று நடைமுறைகளைச் சொல்லித்தருவது ஆகியவையும் வேண்டும். இவை எல்லாம் ஒரே ஆளிடம் இருக்கத் தேவையில்லை. ஆனால் எதுவும் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் இருக்கக் கூடாது. அவர் நோயுற்றாலோ வெளியூர் போனாலோ வேலை நிற்கும் என்றால், அந்தத் திறன் இன்னும் சமூகத்துக்குச் சொந்தமாகவில்லை.

எனக்குத் தனித் திறமை எதுவும் இல்லை. நான் என்ன செய்ய முடியும்?

வாரத்தில் ஒருநாள் தவறாமல் வர முடியுமா? சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்ய முடியுமா? இந்த இரண்டையும் தொடர்ந்து செய்பவர்கள் எந்தக் குழுவிலும் குறைவு. மற்றதெல்லாம் வேலையோடு வேலையாகக் கற்றுக்கொள்ளக் கூடியவை.

வலுவான தலைவர் இல்லாமல் இது நடக்குமா?

ஆரம்பிக்க ஒருவரோ ஒரு சிலரோ வேண்டும், அதை மறுக்கவில்லை. டென்மார்க்கின் சாம்ஸோ தீவை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 4,000 பேர் வாழும் இடம். புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறும் தீவு எது என்று அரசு நடத்திய போட்டியில் 1997-ல் வென்றது. அடுத்த சில ஆண்டுகளில் நிலத்தில் 11 காற்றாலைகள், கடலில் 10, கூடவே வைக்கோலை எரித்து வீடுகளுக்குச் சூடு தரும் நிலையங்கள் என்று வந்தன. இதை முன்னெடுத்த ஸோரன் ஹெர்மான்சன் அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், ஆசிரியராக இருந்தவர். வருடக்கணக்கில் கூட்டம் கூட்டமாகப் போய் உட்கார்ந்து பேசியதுதான் அவர் செய்த முக்கிய வேலை.

ஆனால் திட்டம் வேர்விட்டதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நிலத்துக் காற்றாலைகளில் ஒன்பதை அந்தத் தீவின் விவசாயிகளும், இரண்டைப் பங்கு வாங்கிய உள்ளூர் மக்களின் கூட்டுறவும் சொந்தமாக வைத்துக்கொண்டார்கள். லாபமும் பொறுப்பும் ஊரிலேயே தங்கின. பேச்சாற்றல் மட்டும் இருந்து இந்தப் பங்குரிமை இல்லாமல் போயிருந்தால், காட்சியைக் கெடுக்கிறது என்ற எதிர்ப்பிலேயே திட்டம் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே தலைவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: பொறுப்புக்கு வந்த அன்றே உங்களுக்கு அடுத்தவரைத் தேடத் தொடங்குங்கள். ஒரு பதவியில் தொடர்ந்து எத்தனை ஆண்டு இருக்கலாம் என்று வரம்பு வையுங்கள். புதியவர் உங்களைவிட மோசமாகச் செய்யும் முதல் சில மாதங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்ய மனம் வராத நல்ல தலைவர்களால் நல்ல அமைப்புகள் எத்தனையோ நின்றுபோயிருக்கின்றன.

பணத்துக்கு என்ன வழி?

கட்டுவதற்குப் பணம் கிடைப்பது ஒப்பீட்டளவில் சுலபம். மானியம் வரும், நன்கொடை வரும், திறப்புவிழாவுக்குப் பிரமுகர்கள் வருவார்கள். பத்தாவது வருடம் கூரை ஒழுகும்போது யாரும் வருவதில்லை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950-களில் ப்ரூயிட்-ஐகோ என்ற குடியிருப்பு எழுந்தது. பதினொரு மாடி கொண்ட 33 கட்டடங்கள். கட்டுவதற்கு மத்திய அரசு பணம் தந்தது, பராமரிப்பு மட்டும் குடியிருப்பவர்களின் வாடகையிலிருந்துதான். நகரமே மக்களை இழந்துகொண்டிருந்த காலம் அது. வீடுகள் காலியாக, வாடகை குறைய, மின்தூக்கிகளும் குழாய்களும் பழுதாகிக் கிடக்க, இருந்தவர்களும் வெளியேறினார்கள். 1972-ல் இடிக்கத் தொடங்கினார்கள். அங்கே வாழ்ந்த ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள்மேலும் கட்டட வடிவத்தின்மேலும் நெடுநாள் பழி போட்டார்கள். பராமரிப்புக்கு நம்பகமான பணம் இல்லாத ஏற்பாட்டைத்தான் நான் முதல் காரணமாகப் பார்க்கிறேன்.

எனவே முதல் மாதத்திலிருந்தே பராமரிப்பு நிதி என்று தனிக் கணக்கு வையுங்கள். கூரை, குழாய், மின்கம்பி, இயந்திரம் ஒவ்வொன்றும் எத்தனை வருடம் உழைக்கும், மாற்ற எவ்வளவு ஆகும் என்று பட்டியல் போட்டு, ஆண்டுகளால் வகுத்து, மாதாமாதம் ஒதுக்குங்கள். விழாச் செலவுக்கோ அவசரத்துக்கோ அதைத் தொடக் கூடாது.

வருமானம் உண்டாக்கும் முயற்சிகளுக்குக் கூட்டுறவு நல்ல வடிவம். 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தார்கள். ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபப் பங்கு, கலப்படமில்லாத சரக்கு என்பவை அவர்கள் வகுத்த ஒழுங்கில் முக்கியமானவை. இன்றைய கூட்டுறவுக் கொள்கைகளுக்கு வேர் அங்கேதான். ஸ்பெயினின் மோன்ட்ராகோனில் 1956-ல் தொடங்கிய தொழிலாளர் கூட்டுறவுகள் பிற்பாடு பெரிய குழுமமாக வளர்ந்தன. 2013-ல் அதில் வீட்டு உபயோகப் பொருள் செய்த ஃபாகோர் நிறுவனம் திவாலானது. அதன் உறுப்பினர்களில் கணிசமானவர்களுக்கு மற்றக் கூட்டுறவுகள் இடம் கொடுத்தன. ஒன்று விழுந்தால் மற்றவை தாங்கும் இந்த ஏற்பாட்டை நல்ல காலத்திலேயே செய்துவைத்திருக்க வேண்டும்.

மக்களிடம் கருத்துக் கேட்கிறோம். அது பங்கேற்பு ஆகாதா?

கேட்டபின் என்ன ஆகிறது என்பதைப் பொறுத்தது. 1969-ல் அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டைன் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக வகுத்தார். கீழ்ப்படிகளில் மக்களைச் சமாளிப்பதும் ஆறுதல் சொல்வதும். நடுவில் தகவல் தருவது, கருத்துக் கேட்பது. மேலே அதிகாரத்தைப் பகிர்வது, இறுதியில் மக்களே நடத்துவது. கருத்துக் கேட்பதை அவர் வெறும் அடையாளச் சடங்குகளின் கூட்டத்தில்தான் வைத்தார்.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-ல் மேல்படிக்கு ஏறிப் பார்த்தது. நகராட்சியின் முதலீட்டுப் பணத்தில் எது முதலில் என்பதைப் பகுதிவாரிக் கூட்டங்களில் மக்களே பேசி வரிசைப்படுத்தினார்கள். சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகள் ஏழைப் பகுதிகளுக்கு முன்னுரிமையோடு போயின. உலகில் எத்தனையோ நகரங்கள் அதைப் பின்பற்றின. வருத்தம் என்னவென்றால், அரசியல் ஆதரவு தேய்ந்து 2017-ல் அந்த நகரத்திலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது.

நீங்கள் செய்யக்கூடியது எளிமையானது. கருத்துக் கேட்கும்போதே, எது ஏற்கெனவே முடிவானது, எது இன்னும் மாறக்கூடியது என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். பிறகு எந்தக் கருத்தை ஏற்றீர்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்று திரும்பி வந்து சொல்லுங்கள். இந்த இரண்டாவதைப் பெரும்பாலோர் செய்வதே இல்லை.

ஒத்த மனம் உடையவர்கள் மட்டும் சேர்ந்தால் சுலபமாக இருக்குமே?

முதல் இரண்டு வருடம் சுலபமாக இருக்கும். ஒரே வயது, ஒரே வருமானம், ஒரே ரசனை உள்ளவர்கள் ஒன்றாகவே மூப்படைவார்கள், ஒரே நேரத்தில் உதவி தேவைப்படுபவர்களாகவும் ஆவார்கள். கலந்து வாழ்வது நியாயம் சார்ந்தது மட்டுமில்லை, பிழைத்திருப்பதற்கும் அதுவே வழி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பகுதி நன்றாக அமைந்துவிட்டால் நில விலை ஏறும், அதை உழைத்து உருவாக்கியவர்களே அங்கே வாழ முடியாமல் போகும். இதற்குச் சமூக நில அறக்கட்டளை என்ற முறை ஓரளவு பதில் தருகிறது. நிலம் அறக்கட்டளைக்கே என்றென்றும் சொந்தம், அதன்மேல் உள்ள வீடு மட்டும் குடும்பத்துக்கு. விற்கும்போது லாபத்தில் ஒரு பகுதிதான் கிடைக்கும், அடுத்த குடும்பமும் கட்டுப்படியான விலையில் வாங்கலாம். 1969-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கறுப்பின விவசாயிகளுக்காக இதன் முதல் முயற்சி தொடங்கியது. 1984-ல் வெர்மான்ட்டின் பர்லிங்டனில் நகராட்சி ஆதரவோடு உருவானது இன்று அந்த நாட்டின் மிகப் பெரிய நில அறக்கட்டளைகளில் ஒன்றாக நிற்கிறது.

பேரிடர் வரும்போது இதெல்லாம் உதவுமா?

அப்போதுதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. 1995 ஜூலையில் சிகாகோவில் கடும் வெப்ப அலை வீசியது. வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனியாக வாழ்ந்தவர்கள். சமூகவியலாளர் எரிக் க்ளைனென்பர்க் ஆராய்ந்தபோது, ஒரே அளவு வறுமை உள்ள பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளில்கூட இறப்பு விகிதம் பெரிதும் வேறுபட்டது. நடைபாதையும் கடைகளும் உயிர்ப்போடு இருந்த இடங்களில் முதியவர்கள் வெளியே வந்து பழகியவர்கள், அவர்களைக் காணவில்லை என்றால் தேட ஆள் இருந்தார்கள். கடைகள் மூடி வீடுகள் காலியான பகுதிகளில் கதவைத் தட்ட யாருமில்லை.

அதே ஆண்டு ஜனவரி 17-ல் ஜப்பானின் கோபே நகரில் பூகம்பம். இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை மீட்டது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். மானோ என்ற பகுதியில் மக்களே வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கடத்தித் தீ பரவாமல் தடுத்தார்கள். 1960-களில் தொழிற்சாலை மாசுக்கு எதிராகத் திரண்டதிலிருந்து அவர்கள் ஒன்றாக வேலை செய்து பழகியவர்கள். பழக்கம் இருந்ததால்தான் யார் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

எவ்வளவு பேர் இருந்தால் சரியான அளவு?

மந்திர எண் எதுவும் இல்லை. மானுடவியலாளர் ராபின் டன்பார் சொன்ன 150 என்ற எண் பரவலாகப் புழங்குகிறது. ஒருவர் நிலையாக உறவு பேணக்கூடிய ஆட்களின் தோராய எல்லையாக அவர் அதைக் கணித்தார். அதுவே விவாதத்துக்கு உள்ளானது. ஆட்கள் கூடினால் சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் மேல் குழுவுக்குப் போவது நடைமுறையில் நன்றாக வேலை செய்கிறது.

ஏற்கெனவே இருக்கும் குடியிருப்பில் எங்கிருந்து தொடங்குவது?

புதிதாக நிலம் வாங்கிக் கட்டுவதைவிட இதுதான் எனக்குப் பிடித்த வழி, பெரும்பாலோருக்கு முடிகிற வழியும்கூட. முதல் மாதம் எதையும் அறிவிக்காமல் பத்து வீடுகளுக்குப் போய்ப் பேசுங்கள். இங்கே எது உங்களைச் சிரமப்படுத்துகிறது, உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்ற இரண்டு கேள்விகள் போதும். இரண்டாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். குறைகளை மட்டும் கேட்டால் நீங்கள் புகார் வாங்குபவராக ஆகிவிடுவீர்கள்.

பிறகு மூன்று மாதத்துக்குள் முடியக்கூடிய, கண்ணுக்குத் தெரியக்கூடிய ஒரு வேலையை எடுங்கள். இருண்ட படிக்கட்டுக்கு விளக்கு, குப்பை சேரும் மூலையைச் சுத்தம் செய்வது, குழந்தைகள் பாதுகாப்பாகச் சாலையைக் கடக்க வழி என்று ஏதாவது. அது முடிந்ததும் செலவுக் கணக்கை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். அடுத்த வேலைக்கு ஆள் தேடும் சிரமம் பாதியாகக் குறையும். சங்கம், பதிவு, விதிப்புத்தகம் எல்லாம் அதற்கு அப்புறம் வரட்டும்.

சரியான திசையில் போகிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்களே சில அளவுகோல்களைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1990-களின் தொடக்கத்தில் குடிமக்கள் குழு ஒன்று தன் நகரத்துக்கான குறியீடுகளைத் தானே வகுத்தது. அதில் ஒன்று, முட்டையிட ஆறுகளுக்குத் திரும்பும் காட்டு சால்மன் மீன்களின் எண்ணிக்கை. நீரின் தரம், காடு, கட்டுமானம், மீன்பிடி எல்லாம் அந்த ஒரே எண்ணில் தெரிந்துவிடும், சாதாரண மனிதருக்கும் அது புரியும்.

உங்களுக்கு உங்கள் இடத்துக்குரிய எண்கள் வேண்டும். மின்சாரமும் தண்ணீரும் தலைக்கு எவ்வளவு செலவாகிறது என்பதோடு, கடந்த ஆண்டில் முதல்முறையாகப் பொறுப்பேற்றவர்கள் எத்தனை பேர், பராமரிப்பு நிதி திட்டமிட்ட அளவை எட்டியதா, வந்த புகார்களில் எத்தனை ஒரு மாதத்துக்குள் தீர்ந்தன, விலகிப்போனவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் ஆண்டுக்கு ஒருமுறை எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதைக் கேட்பது சங்கடமான வேலை. குழுவில் பதவி எதுவும் இல்லாத ஒருவரை அனுப்பிக் கேளுங்கள், உண்மையைச் சொல்வார்கள்.